படகும் டிராக்டரும்: கடலோர மிராசுதாரர்கள் கவனிக்கவேண்டிய விஷயங்கள்

சோழமண்டலக் கரையோரத்தில் வயலும் கடலும் ஒன்றையொன்று அடுத்து நிற்கும் கிராமங்கள் அநேகம். நாகப்பட்டினம், மயிலாடுதுறை, தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் கடலோரத் தாலுகாக்களில், மணல்மேட்டின் மேற்புறம் நெல்லும் நிலக்கடலையும் விளைய, கீழ்ப்புறம் படகுகள் கரையேறி நிற்பதைக் காணலாம். இவ்வூர்களில் நிலமுடையார் சிலர் மீன்பிடி படகிலும் முதல் போட்டிருக்கின்றனர். படகில்லாத நிலமுடையாரும், உழவுக்கு வாங்கிய டிராக்டரைப் படகு இழுப்பதற்கு வாடகைக்கு விடுகின்றனர்.

இவ்வழக்கம் பழமையானதன்று. கட்டுமரம் ஓடிய காலத்தில் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே தோளில் தூக்கி மேட்டில் சேர்த்துவிடுவர். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி ஏற்பட்ட ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். கட்டுமரங்களும் வள்ளங்களும் அழிந்தன. அதன்பின் சர்க்காரும் தருமஸ்தாபனங்களும் ஃபைபர் படகுகளை ஏராளமாக வழங்கின. ஃபைபர் படகைப் பிரித்தெடுக்க இயலாது. நால்வர் தூக்கவும் இயலாது. ஆகவே டிராக்டர் கடற்கரைக்கு வந்தது.

டிராக்டருக்கு இது வேலையில்லாக் காலத்தில் கிடைக்கும் வருமானம். இதில் தவறொன்றுமில்லை. ஆயினும் ஒரு நடை படகு இழுப்பதற்குச் சில நூறு ரூபாய் பெறும் மிராசுதாரர், அந்த ஒரு நடையில் தம் நிலத்தையே ஈடாக வைக்கின்றார் என்பதைப் பெரும்பாலும் உணர்வதில்லை. அது எவ்வாறு என்பதையும், அந்த அபாயத்தைத் தவிர்க்கும் வழிகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

படகின் உரிமை

படகில் முதல் போடுவோர் முதலாவதாக அறியவேண்டியது, படகு எவர் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே சட்டத்தின் முன் உடையவர் என்பதாம். 1983-ஆம் வருஷத்திய தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மீன்பிடி படகு ஒவ்வொன்றும் பதிவு செய்யப்படவேண்டும். மீன்பிடிக்க உரிமமும் பெறவேண்டும். பதிவு எண் படகின் உடலில் தெளிவாக எழுதப்பட்டிருத்தல் அவசியம். படகை விற்றாலும் வாங்கினாலும் மீன்வளத் துறையின் பதிவேட்டில் பெயர் மாற்றப்படவேண்டும். கையெழுத்திட்ட வெள்ளைத்தாளை மட்டும் நம்பிப் படகை வாங்குபவர், படகின் விலையைக் கொடுத்துக் கவலையை வாங்கியவராவார்.

குடியானவர் பணம் கொடுக்க, படகு வேறொருவர் பெயரில் பதிவாவது சில ஊர்களில் காணப்படும் ஏற்பாடு. இது இருவகையிலும் தீமை பயப்பது. 1988-ஆம் வருஷத்திய பினாமிச் சட்டம் 2016-இல் திருத்தி வலுப்படுத்தப்பட்டபின், ஒருவர் பணத்தில் மற்றொருவர் பெயரில் வாங்கிய சொத்து, அசையும் பொருளாயினும், பறிமுதலுக்கு உள்ளாகலாம். பின்னர் மனஸ்தாபம் உண்டாகுமாயின், “படகு உண்மையில் என்னுடையது” என்று வழக்குத் தொடுக்கவும் அச்சட்டம் இடங்கொடாது. கடனாகக் கொடுப்பதாயின் கடன் பத்திரமாகவும், பங்காகச் சேர்வதாயின் பங்குப் பத்திரமாகவும் வெளிப்படையாக எழுதிக்கொள்வதே நேர்மையும் பாதுகாப்புமாம்.

பெயர்ப் பதிவின் அருமை கடலெல்லையில் நன்கு விளங்கும். 1974, 1976 ஆகிய வருஷங்களில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் கடலெல்லை வரையறுக்கப்பட்டது. அவ்வெல்லையைக் கடந்தமைக்காகப் படகு பிடிபட்டால், ஆட்கள் விடுதலையான பின்னரும் படகு அங்கேயே தங்கிவிடுவதுண்டு. உரிமையாளர் நேரில் வந்து பத்திரங்களைக் காட்டவேண்டும் என்று இலங்கை நீதிமன்றங்கள் பலமுறை ஆணையிட்டிருக்கின்றன. அயல்நாட்டுப் படகுகளுக்குரிய அபராதத்தை இலங்கை 2018-இல் பெரிதும் உயர்த்தியுமிருக்கிறது. பெயர் ஒருவருடையதாயும் பணம் மற்றொருவருடையதாயும் உள்ள படகை மீட்க எவர் செல்வர்?

கிழக்குக் கரையில் வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாது. 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடை 2017 முதல் 61 நாட்களாயிற்று. கன்னியாகுமரி ஜில்லாவின் மேற்குக் கரைப் பகுதிக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையாகும். கரையையடுத்துச் சட்டம் குறித்துள்ள எல்லைக்குள் விசைப்படகுகள் மீன்பிடிப்பதும் குற்றமாம். அவ்வெல்லை நாட்டுப்படகுகளுக்கென ஒதுக்கப்பட்டது. படகில் முதல் போடுபவர் வருமானத்தைக் கணக்கிடும்போது 365 நாட்களையும் வைத்துக் கணக்கிடலாகாது. தடைக்காலத்தையும் புயல் நாட்களையும் கழித்தே கணக்கிடவேண்டும்.

மற்றுமொன்று. பதிவான மீன்பிடி படகுகளுக்கு விற்பனை வரி நீக்கிய டீசல் வழங்கப்படுகிறது. அது கடலுக்குச் செல்லும் படகுக்காக அளிக்கப்படும் சலுகை. படகும் டிராக்டரும் ஒருவரிடமே இருந்தாலும் அந்த டீசலை டிராக்டரில் ஊற்றுதல் குற்றம். சில லிட்டர் எண்ணெய்க்காகச் சலுகை முழுவதையும் இழக்க நேரிடும்.

சுமையை அறிதல்

வண்டியில் எத்தனை மூட்டை ஏற்றலாம் என்பதை அறியாத குடியானவர் இல்லை. படகின் சுமையை மட்டும் எவரும் கணக்கிடுவதில்லை. சாதாரண ஃபைபர் படகு சுமார் 30 அடி நீளமுடையது. வெற்றுடலே உத்தேசமாக ஒரு டன் எடையிருக்கும். அதன்மேல் இயந்திரம், நனைந்த வலை, பனிக்கட்டிப் பெட்டி, எண்ணெய்க் கேன்கள், மீன் ஆகியவை சேரும்.

படகின் அடியில் தேங்கிய நீர் கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும், எடையிலோ பெரிது. 20 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள இடத்தில் அரை அடி நீர் நின்றால் அது 40 கனஅடியாகும். ஒரு கனஅடி நீர் சுமார் 28 கிலோ. ஆகவே 40 கனஅடி நீர் 1,100 கிலோவுக்கு மேல்! அந்நீரை இறைக்காமல் இழுப்பவர் ஒரு படகையன்று, இரண்டு படகுகளை இழுக்கின்றார்.

தளர்ந்த மணலில் படகைத் தரையோடு தரையாக இழுப்பதற்கு, உத்தேசமாக அதன் எடையில் பாதி அளவு இழுவை வேண்டும். 35 குதிரைச் சக்தி டிராக்டர் ஒன்றின் எடை ஏறக்குறைய இரண்டு டன். உலர்ந்த மணலில் அதன் சக்கரங்கள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவே பற்றி இழுக்கவல்லவை. ஆகவே நீர் இறைத்த வெறும் படகை அது சிரமமின்றி இழுக்கும். நீரும் வலையும் நிறைந்த படகை இழுக்கப் புகுந்தால் சக்கரம் சுழன்று குழி பறிக்கும். அன்றேல் முன்சக்கரம் மேலெழும். படகைக் காலி செய்வதற்குப் பிடிக்கும் கால்மணி நேரம் வீணான நேரமன்று.

மணலில் இழுக்கும் முறை

1. கயிற்றை டிராக்டரின் கீழ்ப்புறத்திலுள்ள இழுவைக் கம்பியில் மட்டுமே கட்டவேண்டும். மேல் இணைப்புக் கம்பியிலோ, இருக்கையின் பின்புறத்திலோ, பின்னச்சிலோ கட்டலாகாது. அச்சிலும் அதற்கு மேலும் கட்டிய கயிறு இழுபடும்போது டிராக்டரின் முன்பாகம் மேலே தூக்கி, வண்டி பின்னோக்கிக் கவிழும். இது நிகழ ஒரு விநாடி போதும். ஓட்டுபவர் கிளட்சை மிதிக்க எண்ணுமுன் அவர்மேல் டிராக்டர் விழுந்துவிடும்.

2. தாம்புக் கயிறு நைந்ததாகவோ முடிச்சுகள் நிறைந்ததாகவோ இருத்தல் கூடாது. நைலான் கயிறு இழுக்க இழுக்க நீளும். அறும்போது சாட்டைபோல் திரும்பியடிக்கும். கயிறு விறைத்திருக்கும்போது அதன் இருபுறமும் கயிற்றின் நீளத்திற்கு எவரும் நிற்கலாகாது. சிறுவர்கள் கயிற்றைத் தாண்டி ஓடுவது எந்தக் கடற்கரையிலும் காணும் காட்சி. அவர்களை விலக்கி நிறுத்த ஓர் ஆளை நியமித்தபின்னரே டிராக்டரை நகர்த்தவேண்டும்.

3. படகின் அணியத்தில் உடலோடு சேர்ந்துள்ள உறுதியான வளையத்திலேயே கயிற்றைப் பிணைக்கவேண்டும். குறுக்குப் பலகையில் கட்டினால் பலகை பெயரும்.

4. படகின் கீழே பனந்தடிகளை உருளைகளாக இடுதல் பழைய முறையே ஆயினும் இன்றும் சிறந்தது. இழுவை பாதிக்கு மேல் குறையும். படகின் அடிப்பாகமும் தேயாது. ஃபைபர் படகின் மேற்பூச்சு தேய்ந்து நார் வெளிப்படின், அவ்வழியே நீர் புகுந்து உடலை ஊறச்செய்யும். தேய்ந்த இடத்தை உலரவைத்துப் பூசாமல் மீண்டும் கடலில் இறக்குதல் படகின் ஆயுளைக் குறைக்கும்.

5. தாழ்ந்த கியரில் மெதுவாகக் கிளட்சை விட்டுக் கயிற்றை விறைக்கச் செய்து, பின்னரே இழுக்கவேண்டும். வெட்டி இழுத்தல் கயிற்றையும் கியரையும் கெடுக்கும். ஒரு சக்கரம் மட்டும் சுழலுமாயின் டிஃபரன்ஷியல் லாக்கைப் போட்டு நேராகவே செல்லவேண்டும். அது போட்டிருக்கையில் திரும்புதல் ஆகாது.

6. மணலில் பிடிப்பு வேண்டிப் பின் டயர்களின் காற்றைச் சிறிது குறைப்பதுண்டு. அவ்வாறு குறைத்த காற்றைச் சாலைக்கு ஏறுமுன் மறுபடி நிரப்பவேண்டும்.

7. அலை நீருக்குள் டிராக்டரை இறக்குதல் கூடாது. நீண்ட கயிற்றின் உதவியால் டிராக்டர் உலர்ந்த மணலிலேயே நிற்க, படகு மட்டும் நீரிலிருந்து வரலாம். உப்புநீர் பிரேக்கையும் தாங்கிகளையும் அரித்துவிடும். கடற்கரைக்குச் சென்று வந்த டிராக்டரை அன்றே நன்னீரால் கழுவி, கிரீஸ் இடவேண்டும். இச்செலவையும் வாடகைக் கணக்கில் சேர்த்தல் நியாயம்.

8. ஓட்டுபவரைத் தவிர வேறெவரும் டிராக்டரில் ஏறலாகாது. மட்கார்டு உட்காரும் இடமன்று.

புயற்காலத்தில் இவ்விதிகள் யாவும் மறக்கப்படும். 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை வேதாரணியம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் தென்னைகளோடு படகுகளும் திரளாக அழிந்தன. புயல் எச்சரிக்கை வந்தவுடனே, வானம் தெளிவாயிருக்கும்போதே, படகுகளை மேட்டிற்கு ஏற்றிவிடவேண்டும். கடல் பொங்கி மணல் குழைந்தபின் இழுக்கப்போனால் படகோடு டிராக்டரும் மாட்டிக்கொள்ளும்.

சாலையில் படகு

கடற்கரையிலிருந்து பழுதுபார்க்கும் பட்டறைக்கோ வேறொரு துறைக்கோ படகைக் கொண்டுசெல்ல, நெல் ஏற்றும் டிரெய்லரில் படகைத் தூக்கிவைத்து இழுப்பதுண்டு. அளவைப் பார்த்தாலே இதன் தவறு விளங்கும். டிரெய்லரின் நீளம் 12 அடி. படகின் நீளம் 30 அடி. அணியத்தை முன்னே 4 அடி நீட்டி வைத்தாலும், பின்னே 14 அடி வெளியே தொங்கும். டிரெய்லர் வளைவில் வலப்புறம் திரும்பும்போது படகின் அமரம் இடப்புறம் பெருவீச்சாக வீசும். எதிரிலும் பக்கத்திலும் வரும் சைக்கிள்காரரோ பாதசாரியோ இதை எதிர்பார்த்திருக்கமாட்டார். பின்பாரம் மிகுவதால் டிரெய்லரின் முன்பாகம் தூக்கி, டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். சுமையின் பெரும்பகுதி டிரெய்லரின் அச்சுக்கு மேலும், ஒரு சிறு பகுதி அச்சுக்கு முன்னும் இருந்தால்தான் வண்டி நிதானமாக ஓடும்.

சட்டமும் இதையே கண்டிக்கிறது. 1988-ஆம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தின்படி, அனுமதித்த அளவுக்கு மேல் பக்கத்திலோ முன்னோ பின்னோ உயரத்திலோ சுமை நீட்டிக்கொண்டிருக்குமாயின் 20,000 ரூபாய் அபராதம். சுமையை இறக்கும் செலவும் உடையவரைச் சாரும். இறக்காமல் வண்டியை விடமாட்டார்கள்.

டிரெய்லரும் அச்சட்டத்தின்படி ஒரு வாகனமே. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். தனிப் பதிவு எண்ணும் வேண்டும். அதை இழுக்கும் டிராக்டரின் பதிவு எண்ணும் டிரெய்லரில் காட்டப்படவேண்டும். ஊர்ப் பட்டறையில் இரும்புக் கம்பியும் பழைய சக்கரமும் சேர்த்துச் செய்த படகுத் தள்ளுவண்டி, கரைமணலில் கையால் தள்ளுவதற்கு ஏற்றதாகலாம். அதை டிராக்டரில் கோத்துச் சாலையில் இழுத்தால் அது பதிவில்லா டிரெய்லராகும்.

வேறு வழியின்றிச் சிறு படகொன்றைச் சட்டத்திற்குட்பட்ட டிரெய்லரில் ஏற்றிச் செல்லும்போது கவனிக்க வேண்டியவை சில உள. டிராக்டரின் இரு பிரேக் மிதிகளையும் ஒன்றோடொன்று கொக்கியிட்டு இணைத்தல் முதலாவது. வயலில் திரும்புவதற்காகத் தனித்தனியே இருக்கும் அவற்றில் ஒன்றை மட்டும் சாலையில் மிதித்தால் வண்டி குறுக்கே புரளும். படகின் நீர் வடிகுழாயைத் திறந்துவைத்தல், இயந்திரத்தைக் கழற்றித் தனியே கொண்டுசெல்லுதல், கட்டுக்கயிறுகளைச் சிறிது தூரம் சென்றபின் நிறுத்திச் சோதித்தல், பின்புறம் சிவப்புக் கொடியும் பிரதிபலிப்பானும் கட்டுதல், இருட்டிய பிறகு செல்லாதிருத்தல் ஆகியவை மற்றவை. பெரிய ஃபைபர் படகுகளை நெடுந்தூரம் கொண்டுசெல்ல, நீண்ட தளமுள்ள, உரிமம் பெற்ற சரக்கு வாகனத்தை அமர்த்துவதே சிக்கனம். வாடகை கூடுதலாகத் தோன்றினும் பொறுப்பு அவ்வாகனத்துடையது.

விபத்தும் நிலமும்

நிலமுடையார் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதி இதுவே.

மத்திய மோட்டார் வாகன விதிகள் விவசாய டிராக்டரை, வயல்வேலைக் கருவிகளோடு இயங்குவதற்கும் விவசாயப் பொருள்களை டிரெய்லரில் கொண்டுசெல்வதற்குமான வாகனம் என்றே வரையறுக்கின்றன. டிராக்டருக்குரிய வரிச் சலுகையும் குறைந்த இன்ஷூரன்ஸ் கட்டணமும் இதனால் கிடைப்பவை. படகு விவசாயப் பொருளன்று. வாடகைக்குப் படகு இழுத்தல் விவசாயமுமன்று. விவசாயத்திற்கு மட்டும் எடுத்த இன்ஷூரன்ஸ் பத்திரத்தோடு வாடகைக்கு ஓடும் டிராக்டர் ஒருவரை மோதிவிட்டால், நிபந்தனை மீறப்பட்டதென்று கம்பெனி எதிர்வழக்காடும். இத்தகைய வழக்குகளில் நீதிமன்றங்கள் இருவிதமாகத் தீர்ப்பளித்துள்ளன: கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று விட்டுவிடுதல் ஒன்று, முதலில் கம்பெனி பணத்தைச் செலுத்தி, பின்னர் உடையவரிடம் வசூலித்துக்கொள்ளச் செய்தல் மற்றொன்று. இரண்டிலும் முடிவில் பணம் கொடுப்பவர் டிராக்டரின் உடையவரே.

நஷ்ட ஈட்டுத் தொகை எவ்வாறு வசூலாகும் என்பது மேலும் கவனிக்கத்தக்கது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 174-ஆம் பிரிவின்படி, தீர்ப்பான தொகை செலுத்தப்படாவிடில் தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்றனுப்பும். கலெக்டர் அத்தொகையை நிலவரிப் பாக்கியை வசூலிப்பதுபோலவே வசூலிப்பார். நிலவரிப் பாக்கியை வசூலிக்கும் 1864-ஆம் வருஷத்திய வருவாய் வசூல் சட்டத்தில் ஜப்தியும் ஏலமும் உண்டு. நிலவரி பாக்கி வைத்தறியாத குடும்பத்தின் நிலமும், ஒரு படகு இழுத்த வாடகையின் காரணமாக ஏலத்திற்கு வரலாம். குடும்பத்தைக் காக்கும் ஒருவர் உயிரிழந்தால் நஷ்ட ஈடு பல லட்சங்களாகும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். மட்கார்டில் அமர்ந்து சென்றவர் விழுந்து மாண்டாலும் நிலைமை இதுவே. டிராக்டருக்கு உள்ள இருக்கை ஓட்டுபவருக்கான ஒன்றுதான்.

“டிராக்டர் சாலைக்கே செல்லவில்லை; கடற்கரை மணலில்தானே ஓடியது” என்று வாதிப்பாருமுளர். அச்சட்டம் பொது இடம் என்று கூறுவது சாலையை மட்டுமன்று. பொதுமக்கள் உரிமையோடு செல்லும் இடம் எதுவும் பொது இடமாம். கடற்கரையும் அதிலடங்கும்.

“டிராக்டரை இன்னாரிடம் விட்டுவிட்டேன், ஓட்டியது அவர் ஆள்” என்பதும் செல்லாது. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பாளி என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பழைய டிராக்டரை விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திற்கு அறிவிக்கவேண்டும். பெயர் மாறும்வரை விற்றவரும் கவலையற்றிருக்க இயலாது.

வாகனம் இன்ஷூரன்ஸே இல்லாதிருப்பின் முதற்குற்றத்திற்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உரிமமில்லாதவரை ஓட்டவிட்ட உடையவருக்கு 5,000 ரூபாய் வரை அபராதமாகலாம். பதினெட்டு வயது நிரம்பாத பையனை ஓட்டவிட்டு அவன் குற்றமிழைத்தால், 2019-ஆம் வருஷத் திருத்தத்தின்படி பெற்றோரோ வாகன உடையவரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வாகனத்தின் பதிவும் 12 மாதங்களுக்கு ரத்தாகும். ரத்தான டிராக்டர் சம்பா உழவுக்கும் உதவாது. பள்ளி விடுமுறை நாளில் பையன் கடற்கரையில் டிராக்டர் ஓட்டுவதைப் பார்த்து மகிழும் தகப்பனார் இதையும் அறிந்திருத்தல் நலம்.

இவற்றுக்குப் பரிகாரம் கடினமானதன்று. வாடகைக்கு இழுப்பதே நோக்கமாயின், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, அப்பணிக்குரிய பதிவும் வரியும் அனுமதியும் பெற்று, அதற்கேற்ற இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்ளவேண்டும். பத்திரத்தில் “உபயோக வரம்பு” என்று எழுதியிருக்கும் பகுதியைப் படித்தோ படிக்கச் சொல்லியோ அறியவேண்டும். டிரெய்லரும் அப்பத்திரத்தில் அடங்கியுள்ளதா என்று பார்க்கவேண்டும். கூடுதல் கட்டணத்தை மிச்சம் பிடிப்பது, கிணற்றுக்குச் சுவர் எழுப்பும் செலவை மிச்சம் பிடிப்பது போன்றதாம். இன்னொரு வழியும் உண்டு. படகுத் துறைக்கென ஊரார் பொதுவில் ஒரு டிராக்டரை வாங்கி, அதற்குரிய பத்திரங்களோடு வைத்துக்கொள்ளின், உழவு டிராக்டர்கள் உழவுக்கே நிற்கும்; படகுகளும் காத்திரா.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் இவ்விஷயத்தில் செய்யக்கூடியவை பல. முதலாவது, ஊரில் எந்தெந்தப் படகுகள் உள்ளன, எவர் பெயரில் பதிவாகியுள்ளன என்பதற்கு ஒரு ஜாபிதா வைத்திருத்தல். புயல் நஷ்டக் கணக்கெடுப்பின்போது, பதிவுள்ள படகுக்கே நிவாரணம் எளிதிற் கிடைக்கும். பதிவில்லாப் படகுக்காரர் அலைந்து திரிவர்.

இரண்டாவது, படகு இழுக்கும் பாதையை ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் வரையறுத்தல். மணல்மேடு முழுவதும் டிராக்டர் ஏறியிறங்கினால் மேடு கரைந்து, புயலில் உப்புநீர் வயலுக்குள் புகும். மணல்மேடே வயலுக்கு அரண். மேலும் ஜனவரி முதல் கோடைத் தொடக்கம் வரை பங்குனி ஆமைகள் இக்கரையில் முட்டையிடுகின்றன. 1972-ஆம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்த அவற்றின் முட்டைக்குழிகள் சக்கரத்தில் நசுங்குதல் கூடாது. அம்மாதங்களில் டிராக்டர் குறித்த பாதையை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, ஆளற்ற படகோ அடையாளம் தெரியாத படகோ கரையொதுங்கினால், எவரும் அதை இழுத்துச் சென்று சொந்தமாக்கிக்கொள்ள விடலாகாது. இருந்த இடத்திலேயே காவல் வைத்து, தாசில்தாருக்கும் கடலோரக் காவல் நிலையத்திற்கும் உடனே தெரிவிக்கவேண்டும். கடலோரப் பாதுகாப்புக் காவலின் தொலைபேசி எண் 1093. கடலில் ஆபத்திலுள்ளோருக்கு உதவி கோரக் கடலோரக் காவல் படையின் எண் 1554. இவ்விரு எண்களும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் படகுத் துறையிலும் எழுதப்பட்டிருக்கவேண்டும்.

சுருக்கம்

படகு வாங்குபவர் தம் பெயரிலேயே பதிந்துகொள்க. இழுக்குமுன் நீரை இறைத்துச் சுமையை இறக்குக. கயிற்றைத் தாழ்ந்த இழுவைக் கம்பியில் மட்டுமே கட்டுக. நெல் டிரெய்லரில் நீண்ட படகை ஏற்றாதிருக்க. உரிமமில்லாதவரிடமும் சிறுவரிடமும் டிராக்டரை ஒப்படைக்காதிருக்க. வாடகைக்கு விடுமுன் இன்ஷூரன்ஸ் பத்திரத்தைப் பார்க்க.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன்னரே, அதாவது புரட்டாசி மாதத்திற்குள், படகுப் பதிவு, டிராக்டர் பதிவு, டிரெய்லர் பதிவு, ஓட்டுநர் உரிமம், இன்ஷூரன்ஸ் ஆகிய ஐந்து பத்திரங்களையும் எடுத்துச் சரிபார்த்து, குறைந்ததைப் பெற்றுக்கொள்ளுதல் நலம். புயல் எச்சரிக்கை வந்தபின் அலுவலகத்திற்கு ஓட நேரமிராது.